நாப்தால் சிவப்பில் திட்டு, மங்கல், கையில் ஒட்டுதல்: நூலைப் பார்த்துக் காரணம் பிடிக்கும் முறை

லுங்கிக்கும் துண்டுக்கும் போகிற பருத்திச் சிட்ட நூலில் (வளையமாகச் சுற்றிக் கட்டிய நூல்) நாப்தால் சிவப்பு ஏற்றுகிறவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால், பாதிக் கோளாறுகளின் காரணம் தானாகவே பிடிபடும். கடையில் இந்தச் சாயம் சாயமாக விற்பதில்லை. ஒரு பாதி நாப்தால், மறு பாதி பேஸ். நாப்தாலைக் காஸ்டிக்கில் (காஸ்டிக் சோடா) கரைத்து நூலுக்கு ஊட்டுகிறோம். பேஸை நைட்ரைட்டும் அமிலமும் சேர்த்து டயசோவாக மாற்றி அதில் நூலை இறக்குகிறோம். இரண்டும் சந்திக்கும் இடத்தில், தண்ணீரில் கரையாத அசோ சாயம் உண்டாகிறது. அந்தச் சந்திப்பு இழைக்குள் நடந்தால் பல வருஷம் துவைத்தாலும் போகாத சிவப்பு. இழைக்கு வெளியே நடந்தால் நூல்மேல் படிந்த சிவப்புப் பொடி, அவ்வளவுதான். கீழே வரும் குறைகளில் பெரும்பாலானவை, சந்திப்பு இடம் மாறியதாலோ ஒரு பாதி முன்கூட்டியே செத்துப்போனதாலோ வருபவை.

பேச்சுக்கு ஓர் அளவு வைத்துக்கொள்வோம். நூல் 10 கிலோ, இரண்டு தொட்டியிலும் தண்ணீர் 200 லிட்டர்.

நாப்தால் தொட்டி: நாப்தால் ஏஎஸ் 1 கிலோ, டி.ஆர். ஆயில் (பொடியை நனைத்துக் குழைக்க உதவும் டர்க்கி ரெட் ஆயில்) 1 கிலோ, காஸ்டிக் 650 கிராம், உப்பு 5 கிலோ. அறை வெப்பத்தில் 30 நிமிஷம்.

டெவலப் தொட்டி (நிறம் பிறக்கும் டயசோ தொட்டி): ரெட் பி பேஸ் 400 கிராம், 32 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் 700 மில்லி, சோடியம் நைட்ரைட் 170 கிராம், சோடியம் அசிடேட் 500 கிராம். 20 முதல் 30 நிமிஷம்.

வேறு நாப்தால், வேறு பேஸ் என்றால் அளவு மாறும். ஆனால் காரணம் தேடும் வழி மாறாது.

நாப்தால் கரைசல் கலங்கலாக நிற்கிறது

சரியாகக் கரைந்த ஏஎஸ், கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே காட்டினால் தெளிந்த மஞ்சளாக இருக்கும். டம்ளருக்குப் பின்னால் விரல் ரேகை தெரிய வேண்டும். மோர் போலவோ அடியில் மணல் போலவோ இருந்தால் நூலை இறக்காதீர்கள்.

ஒரு டம்ளர் கரைசலில் காஸ்டிக் கரைசல் சில சொட்டு விட்டுச் சூடாக்குங்கள். தெளிந்துவிட்டால் காஸ்டிக் பற்றவில்லை என்று அர்த்தம். கணக்குப்படி 1 கிலோ ஏஎஸ்ஸுக்கு 150 கிராம் காஸ்டிக் போதும். ஆனால் அந்தக் கரைசல் காற்றுப் பட்டாலே திரிந்துவிடும்; அதனால்தான் நான்கு மடங்கு போடுகிறோம். அளவு சரியாகப் போட்டும் பற்றவில்லை என்றால் டிரம்மைப் பாருங்கள். மூடி திறந்தே கிடந்த காஸ்டிக் செதில், காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துப் பாதி சலவைச் சோடாவாகியிருக்கும். அந்தச் சோடாவுக்கு நாப்தாலைக் கரைக்கும் பலம் கிடையாது.

சொட்டு விட்டும் தெளியவில்லை என்றால் கோளாறு தண்ணீரில். கால்சியமும் மெக்னீசியமும் நாப்தாலோடு சேர்ந்து கரையாத உப்பாகிவிடுகின்றன. போர் தண்ணீர் கடினமாக உள்ள ஊர்களில், கரைப்பதற்கு முன்பே லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் ஹெக்சாமெட்டா பாஸ்பேட் சேர்த்துவிடுவது நல்லது. திரிந்த பிறகு சேர்த்துப் பயனில்லை.

கட்டி கட்டியாக மிதந்தால் குழைத்த விதம் தவறு. முதலில் டி.ஆர். ஆயில் விட்டுப் பொடியைக் கட்டியில்லாமல் களிபோலக் குழைக்க வேண்டும். பிறகு கொதிநீர், பிறகு காஸ்டிக், பிறகு தெளியும்வரை கொதி. தெளிந்த பிறகுதான் தொட்டியின் பச்சைத்தண்ணீரில் ஊற்ற வேண்டும். அந்தத் தண்ணீரிலும் கொஞ்சம் காஸ்டிக்கும் டி.ஆர். ஆயிலும் முன்பே கலந்திருக்கட்டும். வெறும் தண்ணீரில் ஊற்றினால், ஊற்றின இடத்திலேயே கொஞ்சம் திரியும். அந்தத் துகள்தான் பிறகு நூலில் கருஞ்சிவப்புப் புள்ளியாக வந்து நிற்கும். வடிகட்டித் துணி கட்டாமல் ஊற்றாதீர்கள்.

சிவப்பில் வெளிர் திட்டுகள்

திட்டின் உருவம் காரணத்தைச் சொல்லிவிடும்.

வட்டமான சின்னச் சின்ன வெளிர்ப் புள்ளி என்றால், நாப்தால் ஏறிய நூலில் தண்ணீர் தெறித்திருக்கிறது. ஈரக்கையால் பிடித்தாலும் இதுவே. அப்போது விரல் அடையாளமே விழும். சிட்டத்தின் ஒரு பக்கம் மட்டும் நெடுக வெளுத்திருந்தால் வெயிலோ காற்றோ பட்டிருக்கிறது. நாப்தால் ஏறிய நூல் வெளிச்சத்தையும் காற்றையும் தாங்காது. பிழிந்ததும் ஈரமில்லாத துணியோ பாலிதீனோ போட்டு மூடி, நேரே டெவலப் தொட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். முதல் சிட்டம் இறங்கும்போது கடைசிச் சிட்டம் ஒரு மணி நேரமாகக் காய்ந்துகொண்டிருந்தால், அந்த லாட்டில் நிறம் ஒன்றாக வராது. அமில ஜாடியைத் திறந்து வைத்த அறையிலேயே நூலைத் தொங்கவிடுவதும் கூடாது. அமில ஆவி நாப்தாலை மேற்பரப்பிலேயே திரியவைத்துவிடும்.

சிட்டம் கட்டிய இடத்தில் மட்டும் வெளிறியிருந்தால் கட்டு இறுக்கம். தளர்த்திக் கட்டுங்கள்.

உருவமே இல்லாமல் மேகம் மேகமாக இருந்தால் நூல் சரியாக வேகவில்லை. வெந்த நூலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் மூன்று விநாடிக்குள் உறிஞ்ச வேண்டும். சொட்டு முத்து மாதிரி உருண்டு நின்றால் பருத்தியின் மெழுகு போகவில்லை. நூல் எடையில் 2 முதல் 3 சதவீதம் காஸ்டிக், 1 சதவீதம் சோடா, நனைக்கும் எண்ணெய் போட்டு, திறந்த அண்டாவில் 3 முதல் 4 மணி நேரம் கொதிக்க வேண்டும். நூல் தண்ணீருக்கு மேலே மிதந்தால் அந்தப் பகுதி வேகாது. மிதக்காதபடி அழுத்தி வையுங்கள். இதில் மிச்சம் பிடித்த விறகுக்காசு, சாயத்தில் இரண்டு மடங்காகப் போகும்.

டயசோ நுரைத்துப் பழுப்பாகிறது, அடியில் மஞ்சள் படிகிறது, புகைகிறது

இந்த மூன்றையும் பட்டறைகளில் ஒரே கோளாறு போலப் பேசுவார்கள். மூன்றுக்கும் காரணம் வேறு.

குமிழி குமிழியாக நுரைத்து, நேரம் ஆக ஆகப் பழுப்புத் தார் போல மிதந்தால் சூடு ஏறிவிட்டது. டயசோ சிதைந்து நைட்ரஜனை விடுகிறது. அந்தக் குமிழிகள்தான் உங்கள் சாயம் பறந்துபோகிற அடையாளம். பனிக்கட்டி போட்டு 10 டிகிரியை ஒட்டியே வையுங்கள். சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீரே 32 டிகிரி இருக்கும், ஐஸ் போடாமல் செய்யலாம் என்று நினைக்கவே வேண்டாம். செம்பு, இரும்புப் பாத்திரத்திலும் இதே சிதைவு நடக்கும். பிளாஸ்டிக் டிரம் போதும்.

நுரை இல்லை, ஆனால் மஞ்சளாக மாவு போலப் படிகிறது என்றால் அமிலம் குறைவு, அல்லது நைட்ரைட்டை மெதுவாக ஊற்றியிருக்கிறீர்கள். டயசோவாக மாறிய பேஸ், இன்னும் மாறாத பேஸோடேயே சேர்ந்துகொண்டுவிட்டது. ரெட் பி போன்ற நைட்ரோ பேஸ்கள் வலுக்குறைந்தவை; அவற்றுக்கு அமிலம் தாராளமாக வேண்டும், நைட்ரைட் கரைசலை ஒரே மூச்சில் ஊற்றிக் கலக்க வேண்டும். கணக்கு இதுதான்: 168 கிராம் பேஸுக்கு 69 கிராம் நைட்ரைட், அதாவது 400 கிராமுக்கு 164 கிராம். 170 போடுவது சின்ன உபரி. அமிலம் கணக்குப்படி இரண்டு பங்கு போதும், நாம் மூன்று பங்கு போடுகிறோம். அமிலக் கேன் பழசாகி வலு இறங்கியிருந்தால் இந்த மூன்றாவது பங்குதான் காப்பாற்றும்.

செம்பழுப்புப் புகை வந்தால் நைட்ரைட் மிகை, அல்லது சூடு. அந்தப் புகை நுரையீரலைக் கெடுக்கும். கதவைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள்.

இரண்டு தாள் இல்லாமல் இந்த வேலையைச் செய்யாதீர்கள். காங்கோ ரெட் தாள் நீலமாக மாறினால் அமிலம் போதும். ஸ்டார்ச் அயோடைடு தாள் தொட்ட உடனே கருநீலமானால் நைட்ரைட் போதும். 15 நிமிஷம் கழித்தும் அயோடைடு தாள் லேசாக நீலம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இன்னும் 5 கிராம் நைட்ரைட் கரைத்து ஊற்றிப் பாருங்கள். கடைசியில் மிகை நைட்ரைட் நிற்பதும் நல்லதல்ல, நிறத்தை மங்கவைக்கும். சிட்டிகை யூரியா அதைத் தின்றுவிடும்.

பிறகுதான் அசிடேட். நூல் இறங்கும் முன் காங்கோ ரெட் தாள் நீலத்திலிருந்து சிவப்புக்குத் திரும்பியிருக்க வேண்டும், பிஎச் 4.5 முதல் 5 வரை. அசிடேட்டை மறந்த தொட்டியில் நூல் சிவக்கவே அரை மணி ஆகும். அதற்குள் நாப்தால் அமிலத்தில் திரிந்து நூல்மேல் வெள்ளையாக நின்றுவிடும்.

பேஸுக்குப் பதில் தயாராக வரும் பாஸ்ட் சால்ட் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதில் பேஸ் பொதுவாக ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். 400 கிராம் பேஸுக்கு 2 கிலோ சால்ட் என்று கணக்குப் பார்த்து வாங்குங்கள். அடுப்போரம் வைக்க வேண்டாம். டயசோ சிந்திய இடம் எதுவானாலும் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். காய்ந்த டயசோ தீப்பற்றவும் வெடிக்கவும் கூடியது.

முதல் லாட் நன்றாக வந்தது, மூன்றாவது மங்கல்

இது தொட்டியில் நடக்கும் வரவு செலவுக் கணக்கு. சுற்றிப் பிழிந்த 10 கிலோ நூல் கிட்டத்தட்ட 10 லிட்டர் நாப்தால் கரைசலைத் தன்னோடு கொண்டுவரும். அதில் 32 கிராம் காஸ்டிக் இருக்கிறது. டெவலப் தொட்டியில் மேலே சொன்ன அளவில், மிச்ச அமிலமும் அசிடேட்டும் சேர்ந்து உண்டாகும் அசிட்டிக் அமிலம் முதல் லாட்டைத் தாங்கும், இரண்டாவதையும் தாங்கும். மூன்றாவது லாட் கொண்டுவரும் காஸ்டிக்கோடு அமிலம் தீர்ந்துபோகும். பிஎச் ஏழைத் தாண்டியதும் டயசோ வேறு உருவெடுத்து, பிணைய மாட்டாமல் நிற்கும். நூலைக் கையால் முறுக்கிப் பிழிந்து 25 லிட்டர் சுமந்தபடி இறக்கினால், முதல் லாட்டிலேயே இருப்பு பெரும்பாலும் கரைந்துவிடும்.

சரிக்கட்ட வழி: ஒவ்வொரு 10 கிலோ நூல் எடுத்த பிறகும் 50 மில்லி கெட்டி அசிட்டிக் அமிலம் சேர்த்து, பிஎச் தாளில் பாருங்கள். டயசோவும் லாட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு செலவாகும், அதனால் புது டயசோவும் சேர்த்தாக வேண்டும்.

டயசோ இருக்கிறதா தீர்ந்ததா என்று கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. வடிதாளில் தொட்டிக் கரைசல் ஒரு சொட்டு, அதற்கு அரை அங்குலம் தள்ளி நாப்தால் கரைசல் ஒரு சொட்டு வையுங்கள். இரண்டும் பரவித் தொட்டுக்கொள்ளும் கோட்டைக் கவனியுங்கள். அங்கே உடனே பளிச்சென்று சிவப்புக் கீற்று விழுந்தால் டயசோ தாராளம். கீற்று வெளிறித் தயங்கி வந்தால் தீர்ந்துகொண்டிருக்கிறது. ஒன்றுமே விழாவிட்டால், அந்தத் தொட்டியில் நூலை எவ்வளவு நேரம் புரட்டினாலும் வெந்நீரில் புரட்டுவது போலத்தான். சிட்டம் இறக்குவதற்கு முன்னும் எடுக்கும்போதும் இந்தச் சொட்டு வைக்கும் பழக்கம் வந்துவிட்டால், லாட்டுக்கு லாட் நிறம் மாறுகிறது என்ற பேச்சே குறைந்துவிடும்.

நூல் கையில் ஒட்டுகிறது, தறியில் சிவப்புத் தூள் கொட்டுகிறது

நாப்தால் மேல் வரும் புகார்களில் முக்கால்வாசி இதுதான். துவைத்தால் போகாது, தேய்த்தால் போகும் என்பது இதன் தனிக்குறி. உலர்ந்த வெள்ளைத் துணியால் பத்து முறை தேய்த்துப் பாருங்கள், பிறகு ஈரத்துணியால். உலர்ந்த துணி அதிகம் சிவந்தால், மேலே பொடி உட்கார்ந்திருக்கிறது.

எங்கே உட்கார்ந்தது என்பதற்கு டெவலப் தொட்டியே சாட்சி. நூலை எடுத்த பிறகு மிச்சத் தண்ணீர் ஏறக்குறையத் தெளிவாக இருக்க வேண்டும். தக்காளிச் சாறு மாதிரி சிவந்து, அடியில் சேறு படிந்திருந்தால் நாப்தால் நூலைவிட்டு இறங்கித் தொட்டியிலேயே டயசோவைச் சந்தித்துவிட்டது. அந்தச் சேற்றில்தான் நூலைப் புரட்டிக்கொண்டிருந்தீர்கள்.

நாப்தால் இறங்காமல் நிறுத்த மூன்று பிடி இருக்கிறது.

ஒன்று, நூலைப் பற்றும் தன்மை. வெறும் ஏஎஸ்ஸுக்கு அது குறைவு. ஏஎஸ்-பிஎஸ், ஏஎஸ்-பிஓ ஆகியவற்றுக்குக் கூடுதல். நிறம் ஒத்துவந்தால், அடர் சிவப்புக்கும் மெரூனுக்கும் ஏஎஸ்ஸைக் கட்டிக்கொண்டு அழாமல் மாறிவிடுவதே மேல். ஏஎஸ்தான் வேண்டும் என்றால் உப்பை விட்டுவிடாதீர்கள், லிட்டருக்கு 25 கிராம். தொட்டியைச் சூடாக்கவும் வேண்டாம். சூட்டில் நன்றாக ஏறும் என்று சிலர் நினைக்கிறார்கள். நாப்தால் சூட்டில் நூலைப் பற்றாமல் தண்ணீரிலேயே தங்கிவிடும்.

இரண்டு, பிழிவு. ஹைட்ரோவில் (வேகமாகச் சுழற்றித் தண்ணீரைப் பிழியும் இயந்திரம்) போட்டுச் சுற்றி, நூல் எடைக்குச் சமமான ஈரத்துக்குக் கொண்டுவாருங்கள். கையால் பிழிந்தது போதாது. இழைக்குள் இருக்கும் நாப்தால் சாயமாகும். இழைகளுக்கு நடுவே தேங்கிய கரைசல் அத்தனையும் பொடியாகும்.

மூன்று, உப்புத்தண்ணீர் அலசல். ஹைட்ரோ இல்லாத பட்டறைக்கு இதுதான் கதி. லிட்டருக்கு 40 கிராம் உப்பும் 1 கிராம் காஸ்டிக்கும் கலந்த தண்ணீரில் ஓர் அலசு அலசிப் பிழியுங்கள். உப்பு, உள்ளே இருப்பதைப் பிடித்து வைக்கும். மேலே தேங்கியது கழுவிப்போகும். வெறும் தண்ணீரில் அலசினால் இரண்டும் சேர்ந்து போகும்.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் தூள் கொட்டினால் கோளாறு சோப்புக் கொதியில். நூல் சிவந்ததும் நேரே சோப்பில் போடக் கூடாது. முதலில் பச்சைத்தண்ணீர், அடுத்து லிட்டருக்கு 1 மில்லி ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த தண்ணீர், மறுபடி பச்சைத்தண்ணீர். மிச்ச டயசோவும் மாறாத பேஸும் அதில் போகும். போகாமல் கொதிக்குள் நுழைந்தால் அவை சிதைந்து, சிவப்பின்மேல் பழுப்பு மூடும். பிறகு லிட்டருக்கு 2 கிராம் சோப்பு, 1 கிராம் சோடா, நல்ல கொதி, 30 நிமிஷம். தண்ணீர் சிவந்தால் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் இன்னொரு தடவை.

இந்தக் கொதி வெறும் அழுக்கெடுப்பு அல்ல. இழைக்குள் உண்டான சாயத்தின் நுண்துகள்கள் சூட்டில் ஒன்றுகூடிப் படிகமாகின்றன. நிறம் தெளிவதும் வெயில் தாங்குவதும் அதற்குப் பிறகுதான். கொதிக்கு முன்னும் பின்னும் நிறம் வேறாகத் தெரிவதும் இதனால்தான். ஆகவே சாம்பிளோடு நிறம் ஒப்பிடுவதைக் கொதித்து உலர்ந்த நூலில் செய்யுங்கள். ஈர நூலைப் பார்த்து இன்னொரு தடவை நாப்தால் ஏற்றிக் கெடுத்த லாட்கள் ஏராளம்.

தேய்த்தால் போவதை மறைக்கப் பசை ஏற்றிக் கொடுப்பவர்கள் உண்டு. முதல் துவைப்பில் பசை போனதும் சிவப்பு பக்கத்து வெள்ளைக் கட்டத்தில் ஏறும். வாங்கியவருக்குச் செய்யும் துரோகம் அது.

கெட்டுப்போன லாட்டைத் திருப்ப

தூள் மட்டும்தான் குறை என்றால் சோப்புக் கொதி இன்னும் இரண்டு முறை. மங்கல் மட்டும் என்றால் புது நாப்தால், புது டயசோ என்று மேலேற்றலாம். திட்டு என்றால் நிறத்தை எடுக்க வேண்டும்: லிட்டருக்குக் காஸ்டிக் 5 கிராம், ஹைட்ரோஸ் (சோடியம் ஹைட்ரோசல்பைட்) 5 கிராம், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே 30 முதல் 45 நிமிஷம். துளி ஆந்த்ராகுயினோன் சேர்த்தால் வேகம் கூடும். சிவப்பு போய் ஒரு மஞ்சள் நிற்கும், அதை பெராக்சைடில் வெளுக்கலாம். முழு வெள்ளை வராது. வெளிர் நிறத்துக்கு அந்த நூலை எடுக்காதீர்கள், அடர் நிறத்துக்கே திருப்புங்கள்.

ஆய்வகத்தில் தடை செய்த அமீன் என்று வந்தால்

ஹைட்ரோஸ் மேலே செய்த அதே வேலையைத்தான் ஆய்வகத்திலும் செய்கிறார்கள். அசோ பிணைப்பை உடைத்தால் நீங்கள் போட்ட பேஸ் அமீனாகத் திரும்ப வெளியே வரும். புற்றுநோய் ஆபத்துள்ள 22 அமீன்களில் எதுவும் கிலோவுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றிய விதி. இந்தியாவிலும் 1990களிலிருந்தே இப்படிப்பட்ட 112 சாயங்களுக்குத் தடை உண்டு.

பட்டறைகளில் பழகிய பெயர்களிலேயே அந்தப் பட்டியல் இருக்கிறது. கார்னெட் ஜிபிசி பேஸ், ஸ்கார்லெட் ஜி பேஸ், ரெட் டிஆர் பேஸ், புளூ பி பேஸ் நான்கும் அந்த அமீன்களேதான். ரெட் பி, ரெட் கேபி, ஸ்கார்லெட் ஜிஜி, போர்டோ ஜிபி பேஸ்கள் அந்த 22-இல் இல்லை. ஸ்கார்லெட் ஜி, ஸ்கார்லெட் ஜிஜி என்று ஓர் எழுத்துதான் வித்தியாசம். பொட்டலத்தைப் பிரித்துச் சில்லறையாகக் கட்டித் தரும்போது அந்த எழுத்து தொலைந்துவிடுகிறது. மூடிய டிரம்மில், தயாரித்தவர் பெயரோடும் சோதனைச் சான்றோடும் வாங்குங்கள். சோதனையில் விழுந்த நூலைக் கழுவிக் காப்பாற்ற முடியாது, ஏனென்றால் அந்த அமீன் சாயத்தின் ஒரு பாதியாகவே நூலுக்குள் இருக்கிறது. நிறத்தை எடுக்கப் பார்த்தால் அதே அமீன் உங்கள் அண்டாத் தண்ணீரிலும், அதைக் கலக்குகிறவர் கையிலும் வந்து சேரும். அந்த லாட்டைத் தனியே ஒதுக்கிவையுங்கள். கழிவுத் தண்ணீரில் விடாதீர்கள்.